வீட்டுக்கு வந்தவர்

அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று வார்டு மேசையிலிருந்த மலாய் நர்ஸ் கேட்டபோது ஷாமளாவுக்கு உடனே பதில் வரவில்லை. மனைவி என்று சொல்லலாம். பதிவில் இன்னும் அப்படித்தான் இருந்தது. அதை ரத்து செய்ய இரண்டு பேருமே கோர்ட்டு வாசல் ஏறவில்லை. தெரிந்தவர் என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். “துவான் ரூமா” என்றாள் ஷாமளா. மலாயில் வீட்டுக்காரி. வாடகைக்கு இருந்தவரை விட்டுவிடாமல் தேடி வந்த ஒரு நல்ல மனுஷி என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டி, மிகவும் மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

காசி கடைசிக் கட்டிலில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். ஈரலில் தொடங்கியது இப்போது எங்கெங்கோ போய்விட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யோங் பெங் ஊரில் அவரோடு வாழ்ந்த சொர்ணம் என்ற பெண் போன வருஷம் இறந்துபோன பிறகு ஒரு கடையின் மாடி அறையில் தனியாக இருந்திருக்கிறார். யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்டபோது மகன் செல்வாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அது அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது முப்பது நெருங்குகிறது.

செல்வா அந்தத் தகவலை முந்தின இரவு சாப்பிடும்போதுதான் சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“கூட்டிட்டு வந்துரலாம்” என்றாள் ஷாமளா.

“அந்த ஆளையா?”

“வேற எங்க போவாரு.”

“இது உங்க வீடும்மா. நீங்க கூட்டிட்டு வாங்க. என்னைப் பேசச் சொல்லாதீங்க.”

“பேச வேணாம்.”

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வருவீங்க? என் அப்பான்னா?”

“கெஸ்ட்டுன்னு வச்சுக்கோ” என்றாள்.

அது அவள் நாள் முழுக்கச் சொல்லும் சொல். ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். கெஸ்ட் வருகிறார், கெஸ்ட் போய்விட்டார், கெஸ்ட் இன்னும் தூங்குகிறார். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் பார்ப்பதில்லை. விரிப்பின் முனை நாற்பத்தைந்து பாகையில் மடிந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பழகியதால்தான் தன்னால் இதைச் செய்ய முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்கூடாயில் அவர்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் ஒன்று. ஹாலில் தொலைக்காட்சியை ஒரு பக்கம் நகர்த்தி, இரவல் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டிலை வாசலைப் பார்த்துப் போட்டார்கள். கதவைத் திறந்து வைத்தால் கம்பிக் கேட்டும், அதற்கப்பால் தெருவும், எதிர்வீட்டு மாமரமும் தெரியும். மதிய நேரங்களில் பெரிய ரோட்டில் போகும் கார்களின் சத்தம் வீடுகளுக்கு மேல் மிதந்து வந்து, எங்கோ தள்ளிக் கடல் இருப்பதுபோல் கேட்கும். காசி வந்த முதல் நாள் அந்தச் சத்தத்தைத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விரிப்பின் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஹோட்டல் மாதிரி இருக்கு” என்றார். குரல் உலர்ந்த இலைபோல் இருந்தது. “ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல்... எல்லாம் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கதான், ஷாமு. நாம சொல்ற ஆஸ்பத்திரியும் அதேதான். கப்பல்ல வந்து நம்ம வாயில மாறிப் போச்சு.”

ஷாமளா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காலத்தில் செடெனாக் தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ் கிளம்பும் காலைகளில் செம்பனை மரங்களின் நடுவே பனி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அவளுக்கு இருபது வயது, சர்க்யூட் பலகைகளுக்குள் கண்ணை வைத்து வேலை செய்யும் பெண். காசி அங்கிருந்த பாமாயில் ஆலையில் ஸ்டோர் பார்த்தவர். மானேஜர் பங்களாவைக் காலி செய்தபோது குப்பையோடு வந்த ஒரு கனத்த அகராதியை, அட்டையைக் கரையான் தின்றுவிட்ட நிலையில், தூக்கி வந்து வைத்திருந்தார். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்த ஒருநாள் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் காட்டி, “விண்டோன்னா என்னா தெரியுமா? காத்தோட கண்ணு. விண்ட், ஐ. ரொம்பப் பழைய காலத்துல கப்பலோட்டுறவங்க பேசுன பாஷை” என்றார். பேர் கூடக் கேட்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள். அன்று முழுக்கப் பேக்டரியில் எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அதற்குள்ளிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. இன்னொரு நாள் டெய்ஸி பூவைச் சொன்னார், பகலின் கண் என்று. அவள் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. காலையில் விரிந்து சாயங்காலம் மூடிக்கொள்ளும் அந்தப் பூவை அவரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் பார்க்காத பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு வருஷம் அந்தப் பஸ்ஸில் போனார்கள். அதன் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வலி மருந்து சிரப்பாக இருந்தது. அதைக் கொடுத்துச் சற்று நேரத்தில் அவர் தரையைவிட்டு எழும்பி மிதப்பவர்போல் ஆகிவிடுவார். கண்கள் பாதி திறந்திருக்கும், பேச்சு மெதுவாக, இடைவெளி விட்டு வரும். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் ஷர்மினியின் சட்டையில் ஹாஸ்பிஸ் என்று தைத்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஷாமளா அவளிடம்தான் கேட்டாள். பதில் கட்டிலிலிருந்து வந்தது.

“கோயிலுக்கு நடந்து போறவங்க இருப்பாங்கல்ல... மாசக்கணக்கா. அவங்க தங்குற வீடு. நம்ம சத்திரம் மாதிரி. நடக்க முடியாதவங்க அங்கேயே தங்கிருவாங்க.”

“அப்ப நான் சத்திரத்து ஆளு, அங்கிள்” என்று ஷர்மினி சிரித்துக்கொண்டே அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள். “நீங்க எங்க நடந்து போறீங்க?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “தெரியலம்மா. பாதி வழியில நிக்குறேன்.”

அவள் போன பிறகு ஷாமளா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகில் உட்கார்ந்தாள். அவர் வந்ததிலிருந்து அவளாக எதையும் கேட்டதில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துணி மாற்றினாள். எல்லாவற்றையும் ஒரு கெஸ்ட்டுக்குச் செய்வதுபோலச் செய்தாள். இப்போது கேட்டாள்.

“ஹோஸ்ட்டு, கெஸ்ட்டு. அதுவும் இதுலதான் வருதா?”

காசியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “ரெண்டும் ஒரே வேரு. ஒண்ணு அந்தப் பக்கம் சுத்தி வந்துச்சு, ஒண்ணு இந்தப் பக்கம். லத்தீன்ல பாத்தியன்னா ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லுதான். வீட்டுக்காரனும் அதான், வந்தவனும் அதான். யாரு யாருன்னு அவங்க பிரிச்சுப் பாக்கல.”

“நான் பிரிச்சுப் பாத்தேன்” என்றாள் ஷாமளா. “ஒரு துண்டு, ஒரு சட்டை விடாம பிரிச்சேன். உங்களது எது, எங்களது எதுன்னு.”

அவருடைய விரல் விரிப்பின் மடிப்பைத் தேடியது.

“எல்லாச் சொல்லும் எங்கேருந்து வருதுன்னு சொன்னீங்க. நீங்க எங்க போறீங்கன்னு மட்டும் சொல்லல.”

வெளியே ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியது.

“அதுக்குச் சொல்லு கிடைக்கல” என்றார்.

“தேடலைன்னு சொல்லுங்க.”

“ஆமா” என்றார். “தேடல.”

அவள் அழவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்குள் அழுந்தியிருந்த ஏதோ ஒன்று அந்த ஒரு சொல்லில் இடம் மாறி உட்கார்ந்தது. அது லேசாகிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இடம் மாறியது மட்டும் தெரிந்தது. எழுந்து போய் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தாள், அவரும் சில கரண்டிகள் குடித்தார்.

செல்வா தினமும் விடிவதற்கு முன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்க் கிடங்கு வேலைக்குப் போய்விடுவான். திரும்பி வரும்போது முன்வாசலில் ஏறமாட்டான். பின்சந்துக்குப் போய், வண்டியை அங்கேயே நிறுத்தி, சமையலறைக் கதவு வழியாக நுழைந்து நேராக மாடிக்குப் போய்விடுவான். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் காசியின் கண்கள் திறந்துகொள்ளும். படியேறும் காலடி ஓயும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஹோஸ்டைல்ன்னு சொல்றோமே” என்றார் ஒருநாள், அந்தக் காலடி ஓய்ந்த பிறகு. “அதுவும் இந்தக் குடும்பந்தான். முதல்ல வெளியூர்க்காரன்னுதான் அர்த்தம். அப்புறந்தான் எதிரின்னு ஆச்சு. புள்ளை மேல தப்பில்ல.”

ஷாமளா அதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு வாதமாகத்தான் போய் விழும்.

மாதக் கடைசியில் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதன் பிறகு காசிக்கு ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோனார்கள். ஷாமளாவை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஷர்மினியிடம் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பகலெல்லாம் தூங்கி, தூக்கத்திலேயே யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஷாமளாவும் லீவு போட்டுவிட்டு அந்தத் தூக்கத்தின் கரையில் உட்கார்ந்திருந்தாள். சில மதியங்களில் அவளுடைய கண்ணும் செருகும். விழிக்கும்போது செடெனாக் பனி ஹாலுக்குள் வந்து நிற்பதுபோல இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் பெரிய மழை பிடித்துக்கொண்டது. பின்சந்துக் கால்வாய் நிரம்பி, தண்ணீர் சமையலறைப் படிவரைக்கும் ஏறிவிட்டது. செல்வாவால் அந்தப் பக்கம் வர முடியவில்லை. முன்பக்கக் கேட்டைத் திறந்து, வண்டியைத் தாழ்வாரத்தில் தள்ளி நிறுத்தி, மழைச்சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான். கதவு திறந்தே இருந்தது. கட்டில் நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காசி கண்ணைத் திறந்தார். மழைக்கு எதிராக நின்ற உருவத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“வாங்க தம்பி” என்றார். “மழையில நிக்காதீங்க. நம்ம வீடுதான், உள்ள வாங்க.”

செல்வா அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணசைக்கக்கூட இல்லை. காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் உள்ளே வந்தான், தெரியாத வீட்டுக்குள் வருகிறவனைப்போல, நிலைப்படியை ஒருமுறை குனிந்து பார்த்து.

“ரொம்பத் தூரத்துலேருந்து வர்றீங்களா?”

“சிங்கப்பூர்லேருந்து” என்றான். அவர் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் அவரிடம் பேசிய முதல் சொல் அது.

“அலமாக், ஐயோ பாவம்” என்றார் காசி மெல்ல. “பாலத்துல ஜாமா இருந்திருக்குமே.”

“ஜாம்தான்.”

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

காசி ஷாமளா பக்கம் திரும்பினார். “அம்மா, இவங்களுக்குச் சூடா ஏதாச்சும் குடுங்க. நனைஞ்சு வந்திருக்காங்க.” பிறகு அவனை உட்காரச் சொல்ல இடம் தேடினார். நாற்காலிகளில் மழைக்கு எடுத்துப் போட்ட துணிகள் குவிந்துகிடந்தன. ஷாமளா அவற்றை அகற்ற எழுந்தாள். அதற்குள் போர்வைக்கடியில் ஏதோ அசைந்தது. பல நாளாக அவர் தானாக அசைக்காத கால்கள். ஒரு காலை மடக்கினார், மூச்சு வாங்கினார், கையால் தொடையைப் பற்றி மற்றதையும் இழுத்துக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டானது.

“உக்காருங்க” என்றார்.

செல்வா நின்றான். அவனுடைய முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காசியின் கால்கள் கிடந்த இடத்தில் மெத்தை பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளம் யாரும் தொடாமலே, மழைச் சத்தத்தின் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பிக்கொண்டிருந்தது.