துள்ளல் எழுத்தில் ஓர் அஞ்சலி

பள்ளிக்கூட வான் ஓட்டிய தங்கரத்தினம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகை சந்தியில் எந்த எழுத்தில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டதும் ரிப்கா கத்திரிக்கோலைத் தேடினாள்.

துறைமுகப் பக்கத்து அச்சகமொன்றில் அவள் வடிவமைப்பாளர். ஓய்ந்த நேரமெல்லாம் குந்தியிருந்து ஓர் எழுத்துரு வரைந்திருந்தாள். சிறுபிள்ளை சோக்கட்டியால் கிறுக்கியது போல, தொப்பையும் வளைவுமாய், ஒன்று மேலே ஒன்று கீழே குதிக்கும் எழுத்துகள். பெயரும் ‘துள்ளல்’தான். ஐஸ்கிரீம் கடைக்கும் கேக் பெட்டிக்கும் அச்சொட்டாய்ப் பொருந்தியது. ஆனால் எழுத்துரு வரைகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: கையில் அகப்பட்ட வாசகத்தையெல்லாம் அதில் போட்டுப் பார்ப்பார்கள். வான்காரர் சங்கம் கொடுத்த அஞ்சலி வாசகத்தையும் ரிப்கா போட்டுப் பார்த்தாள், சிரித்தாள், சேமித்தும் வைத்தாள். அச்சு இயந்திரத்தில் நின்ற நுஸ்கி அந்தக் கோப்பையே எடுத்து அடித்துவிட்டான். சங்கத்தார் விடியமுன்னமே, சுருட்டியதை இருட்டில் விரித்துக் கட்டிவிட்டார்கள்.

ஒரு மனிசன் செத்துக் கிடக்கையில் கண்ணீர் என்ற சொல் கூத்தாடினால் எந்த மகள் பொறுப்பாள்? ரிப்கா கத்திரிக்கோலோடு ஓடினாள். பதாகைக்கு முன்னால் தங்கரத்தினத்தின் மகள் சோபனா நின்றாள். பிழை என்னுடையது, இப்போதே அறுத்துவிடுகிறேன் என்று ரிப்கா திக்கித் திணறிச் சொன்னாள். சோபனா பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினாள்.

அந்தச் சந்தியில்தான் தங்கரத்தினம் பிள்ளைகளை ஏற்றுவார். அன்றும் நாலைந்து பேர் தாய்மாரோடு வேறு வானுக்காகக் காத்து நின்றார்கள். அஞ்சலிப் பதாகைகளை அவர்கள் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவை பெரியவர்களின் எழுத்து. இது அவர்களுடைய பள்ளிக் கொப்பி எழுத்து. விரலை நீட்டிக்கொண்டு கூட்டி வாசித்தார்கள்.

“கண்... ணீர்... அஞ்... சலி... எங்கள்... வான்... மாமா... தங்க... ரத்தினம்...”

ரிப்கா கத்திரிக்கோலைத் தாழ்த்தினாள். விளையாட்டுக்கு வளைத்த கோடுகள் சின்ன வாய்களில் ஏறி ஒரு மனிதனின் பெயராக வெளியே வந்தன. அல்லாஹ்வே, இதையா நான் வரைந்தேன் என்று நின்றாள்.

பெயரை வாசித்து முடித்த சிறுமி திரும்பினாள்.

“சோபனா அக்கா, வான் மாமா செத்துட்டாரோ?”

தாய்மார் விறைத்துப் போனார்கள். மாமாவுக்குச் சுகமில்லை என்றுதான் வீடுகளில் சொல்லி வைத்திருந்தார்கள்.

சோபனா முழந்தாளிட்டு அவளைப் பிடித்தாள். “ஓம் ராசாத்தி. அப்பா செத்துப் போனார்.” அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ரிப்கா மெல்லக் கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

“அவிழ்க்காதேங்கோ,” என்றாள் சோபனா. “பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் எல்லாரும் ஒளிச்சுத் திரிஞ்சனாங்கள். உங்கட எழுத்துத்தான் சொல்லிச்சு.”

மாமாவைப் பார்க்கலாமா என்று சிறுமி கேட்டாள். தாய்மார் சம்மதமாய்த் தலையசைத்தார்கள். புது வான் வந்து ஹோன் அடித்தது, ஒருவரும் ஏறவில்லை. தங்கரத்தினம் பழக்கியபடி சின்னவர் முன்னும் பெரியவர் பின்னுமாய் வரிசை கட்டி, சோபனாவின் பின்னால் செத்தவீட்டுக்கு நடந்தார்கள்.