கூட்டிச் சொன்ன இரண்டு வயது

தராசுக் கொட்டகையில் வரிசை நீளமாக இருந்தது. சுருளியம்மாள் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும்; ஐம்பத்தேழு வயதில் அதைக் கேட்க அவளுக்குக் கூச்சம். அப்போதுதான் மூணாறிலிருந்து வந்த ஜீப் நின்று, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் செபாஸ்டின் இறங்கினார்.

"சேச்சி, நிறுத்துட்டு வாங்க. மெதுவா போதும்."

சூப்பர்வைசர் ராஜசேகர் எடையை எழுதிக்கொண்டதும் அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போன வாரம் கோச்சு ஒருத்தர் உங்க மக சிவசங்கரியோட பாஸ்கட்பால் ஆட்டத்தைப் பாக்க வந்தாரில்ல? மலைக்குக் கீழ, கீழநாட்டுல அவங்களுக்குப் பெரிய அகாடமி உண்டு. தங்குறது, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. நம்ம பொண்ணு குதிச்சதைப் பாத்து அந்த மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு."

"சந்தோஷம் சாரு."

"சந்தோஷப்பட வழியில்ல சேச்சி. வர்ற மார்ச்சுல அவளுக்குப் பதினெட்டு. பதினேழு தாண்டினா அவங்க எடுக்க மாட்டாங்க. உயரம் இருக்கு, குதி இருக்கு. ஆனா எடது கை இன்னும் பழகல, பந்தைத் தட்டிக்கிட்டே நாலு பக்கம் பாக்கத் தெரியல. பதினெட்டுல அதையெல்லாம் தொடங்கினா பிந்திப்போச்சு. பதினாறா இருந்தா கதையே வேற, ரெண்டு வருஷத்துல இவளை எங்கயோ கொண்டு போயிருவேன்னு சொன்னாரு." செபாஸ்டின் குரலைத் தாழ்த்தினார். "என் கண்ணுக்கு அவ பதினெட்டாத் தெரியல சேச்சி. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊசி போட்ட கார்டு, பொறந்த தேதி போட்ட வேற ரேகை, பத்திரம் ஏதாவது இருந்தா தாங்க. திருத்த நான் அலையிறேன். மாசக் கடைசி வரை டயம் இருக்கு."

"வீட்டுல பெத்த பிள்ளை சாரு. கார்டெல்லாம் ஏது."

யோசிக்காமலே வந்துவிட்டது. பதினாறு வருஷமாக நாக்கின் நுனியில் தயாராக வைத்திருந்த பதில் அது.

கார்டு இருந்தது. தகரப்பெட்டியில், செத்துப்போன புருஷன் குருசாமியின் போட்டோவுக்குப் பின்னால், நாலாக மடித்து. சங்கரன்கோவில் பக்கம் அண்ணன் வீட்டில் பிரசவம். மறுநாள் வந்த நர்சம்மா ஊசி போட்டு, தேதி எழுதிக் கொடுத்த கார்டு. கலியாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு முடிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். வீட்டில் பதினெட்டு முடிந்த பிள்ளை இருந்து, அதன் பெயரை வேலைக்குப் பதிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு தங்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தனக்கு ஐம்பத்தெட்டு ஆகும்போது இவளுக்குப் பதினாறுதான் ஆகியிருக்கும். இரண்டு வருஷம் துண்டு விழுந்தது.

அந்த இரண்டை அவள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டிச் சொன்னாள். நாலு வயதுப் பிள்ளை பார்வைக்கு ஆறு வயது போலத்தான் இருந்தது. ஹெட்மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிற்பாடு எடுத்த கார்டுகளெல்லாம் அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டு நடந்தன.

அன்று சாயங்காலம் அவள் லயத்துக்கு வந்தபோது சிவசங்கரி கக்கூஸ் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். தொப், தொப். வாத்தியார் கொடுத்த பழைய பந்து. மேல்தோல் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"சாரு என்னம்மா சொன்னாரு?"

"வயசு கடந்துபோச்சாம்."

பந்து இரண்டு தரம் தானாகத் துள்ளி அடங்கியது. சிவசங்கரி அதைக் காலால் நிறுத்தினாள்.

"எனக்கு எல்லாமே பிந்தித்தான வருது. எல்லாரும் வாய்ப்பாடு சொல்லும்போது நான் அடி வாங்கிட்டு நிப்பேன். சடங்கும் போன வருஷந்தான் ஆச்சு. பதினேழு வயசுல என்ன சடங்குன்னு லயமே சிரிச்சுச்சு. இப்ப இதுவும். நான் மந்தந்தான்மா."

சுருளியம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். நீ மந்தமில்லை தாயி, உன்னைவிட இரண்டு வயசு மூத்ததுகளோடு உன்னை ஓடவிட்டது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. "அடுப்பைப் பத்த வையி," என்றாள்.

அந்த மாதம் மூன்று தரம் பெட்டியைத் திறந்தாள். மூன்றாம் தரம் கார்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குக் கிளம்பிவிட்டாள். வழியில் கற்பகத்தின் வீடு. முப்பத்தாறு வருஷம் கொழுந்தெடுத்தவள் கற்பகம். பெயர் பதிய ஆள் இல்லை. போன சித்திரையில் கட்டிலையும் ஆட்டுரலையும் லாரியில் ஏற்றிவிட்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் டிரைவரிடமே கேட்டாள். அந்தக் கதவில் எஸ்டேட் பூட்டு தொங்கியது. வாசலில் அவள் வைத்த டேலியா பூத்துக் கிடந்தது. சுருளியம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். ஜீப் ஹாரன் அடித்தது. அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ஏப்ரலில் சுருளியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு ஆனது; எஸ்டேட் பதிவில் அவள் பெயர் மகள் பெயராக மாறியது. எஸ்டேட் ஆபீசில் கிளார்க் பள்ளிக்கூடச் சர்டிபிக்கேட்டைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், முத்திரை குத்தினான். ஒரு கேள்வி கேட்கவில்லை. வீடு தங்கியது. அகாடமிக்காக அலையத் தயாராக இருந்த செபாஸ்டின் அந்தப் பக்கம் வரவில்லை.

சிவசங்கரி கொழுந்துக் கத்திரியைப் பிடித்தாள். மற்ற பெண்களுக்கு இடுப்பளவு நின்ற செடி அவளுக்குத் தொடையளவு. காலை எட்டு மணிக்குக் குனிந்தால் டீ குடிக்கத்தான் நிமிர்வாள். "கொடிக்கம்பமே, மழை வருதான்னு மேல பாத்துச் சொல்லுடி," என்று பெண்கள் கேலி செய்தார்கள். முதலில் அவளும் சிரித்தாள். மழைக்காலம் தொடங்கியபோது சுவரில் பந்துச் சத்தம் நின்றது. சுருளியம்மாளுக்கு மட்டும் விளக்கேற்றும் நேரத்தில் அது கேட்டது. எழுந்து போய்ப் பார்ப்பாள். பந்து கட்டிலுக்கடியில் கிடக்கும்.

ஆவணி வாக்கில் ஒருநாள் வேலை முடிந்து வந்த மகள், வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். லயத்து நிலை ஆறடிக்கு ஒரு இஞ்சு குறைவு. இவ்வளவு நாளும் தலைமுடி உரசுவதோடு சரி.

"ஏம்மா, வீடு எறங்கிருச்சா?"

சுருளியம்மாள் மஞ்சளைக் குழைத்து வைத்தாள். நெற்றியைத் தொட எக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் தைத்த பாவாடை கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றதையும் அப்போதுதான் பார்த்தாள்.

"பதினெட்டு தாண்டி யாராச்சும் வளருவாங்களாம்மா?"

சுருளியம்மாள் மஞ்சள் கிண்ணத்தைக் கழுவ எழுந்துபோனாள். கழுவிய கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

இரண்டு தரம் இடித்தது, மூன்று தரம் இடித்தது. மூன்றாம் தரம் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. சுருளியம்மாள் ராஜசேகரைத் தராசுக் கொட்டகையில் போய்ப் பார்த்தாள்.

"நிலையை ஒரு அரையடி ஒசத்தித் தர ஆபீசுல சொல்லணுங்கய்யா. பிள்ளை மண்டை ஒடையுது."

ராஜசேகர் நோட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "லயத்து வாசலெல்லாம் ஒரே அளவு அம்மா. வெள்ளைக்காரன் காலத்துல வச்சது. ஒருத்திக்காக இடிச்சுக் கட்டுவாங்களா? குனிஞ்சு போகச் சொல்லு. காடு பூரா குனிஞ்சுதான நிக்கிறா, வீட்டுக்குள்ள போகவா முடியாது?"

அவள் வீடு வந்தபோது வாசலில் ஸ்டூல் போட்டிருந்தது. சிவசங்கரி நிலைக்குக் குறுக்கே எதையோ வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கீழே கவாத்துக் கத்தி கிடந்தது. கத்தியோரத்தில் பந்தின் மீதி பாதி, கவிழ்த்த சட்டி போல.

"என்னடி பண்ணிட்ட?"

"சும்மாதானம்மா கெடந்துச்சு. ரப்பரு நல்லா கெட்டி. இனி இடிச்சாலும் வலிக்காது."

அவள் ஸ்டூலை எடுத்து உள்ளே வைக்கத் திரும்பினாள். குனிய மறந்துவிட்டாள். தொப் என்றது.