நாற்பது கிலோ கேட்டவள்

"எனக்கு இன்னும் நாப்பது கிலோ வேணும் சார்."

இந்த மாடியில் லீவு கேட்கலாம், சம்பள உயர்வு கேட்கலாம், அழுவதற்கு ஒரு மூலைகூடக் கேட்கலாம். எடை மட்டும் கேட்கக்கூடாது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து மேசை அக்கா காதைத் திருகாத குறையாகச் சொல்லிவைத்தாள். விண்கலத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் தீர்மானிப்பவர் என்பதால் தலைவருக்குப் பெயரே தராசு. இப்போது கேட்டு நிற்பவள் லாரி டிரைவர் மகள்; உதிரிப் பாகத் திட்டம் அவள் கைக்கு வந்ததால், லாரியின் உதிரி டயர் போல அவளுக்குப் பெயர் ஸ்டெப்னி.

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்கு?"

"காத்துப் பம்புக்கு. ரெண்டு உதிரி போதாது. ஆறு வேணும்."

நாலு பேர் மூன்று வருஷம் போய்வரப் போகும் கலம் அது. அவர்கள் விடும் மூச்சைச் சுத்தம் செய்து அவர்களுக்கே திருப்பித் தருவது அந்தப் பம்புதான். உதிரி தீர்ந்தபின் அது நின்றால், நாலு பேர் கதையும் அங்கேயே முடிந்தது.

"சோதனையில வருஷம் பூரா ஓடியிருக்கும்மா. ஒருதரம்கூட நிக்கலே. ரெண்டே அதிகம்."

"நிக்க விட்டாத்தானே சார் நிக்கும்."

சோதனைக் கூடத்தில்தான் அவள் முதலில் வேலை பார்த்தாள். பேரிங் லேசாகக் கீச்சிட்டாலே பம்பைத் திறந்து புதுசு போட்டுவிடுவார்கள். பதிவேட்டில் அது வெறும் பராமரிப்பு. முழுசாக நின்றால்தான் பழுது. தரையில் நல்ல பழக்கம்தான். ஆனால் கலத்தில் போகும் பம்பு வெல்டிங் வைத்து மூடியது. திறக்க முடியாது. கீச்சிட்டால் கீச்சிடட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நின்றபின் முழுப் பம்பையும் மாற்ற வேண்டியதுதான்.

"நானே என் கையால பேரிங் மாத்தியிருக்கேன் சார். அது ஒவ்வொண்ணும் அங்கே ஒரு பம்பு போற மாதிரி."

"மாத்தாம விட்டிருந்தா இன்னும் எவ்வளவு நாள் ஓடியிருக்கும், தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்போ ஆறுங்கிறது குத்துமதிப்பு."

"உங்க ரெண்டுங்கிறதும் குத்துமதிப்புதான். என்னோடது தெரியலேன்னு ஒத்துக்குது. உங்களோடது தெரிஞ்ச மாதிரி நடிக்குது."

அக்கா இருமினாள். போதும்டி என்று அர்த்தம்.

"நாப்பது கிலோவுக்கு நான் எங்கே போக?"

"நேரலைக் கேமராப் பெட்டி கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்."

"அது மேலிடம் கேட்டது. ஊர் உலகமே பாக்கணும்ல."

"எதைப் பாக்கணும் சார்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்தால் கத்தமாட்டார், கேலி பேசுவார். "உங்கப்பா லாரியில எத்தனை ஸ்டெப்னிம்மா? ஆறா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணு. அது பஞ்சர்னு முதலாளிக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. நடுக்காட்டுல டயர் வெடிச்சப்போதான் தெரிஞ்சுது. அவராவது இறங்கி நடந்தாரு. இவங்க எங்கே இறங்குவாங்க?"

சிரித்தவர் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தராசு திட்டத்தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் தானே கழற்றி வைத்தார். "கையெழுத்துப் போடு. நீ போடலேன்னா அக்கா போடுவாங்க. பாழாப்போறது உன் வேலைதான். வீட்டுல முதல் பட்டதாரி நீ, யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன். அந்த நாலு பேரும் கீழே பயிற்சி அறையில இருக்காங்க. ரெண்டுங்கிறது எப்படி வந்துதுன்னு அவங்ககிட்டயே சொல்லப் போறேன். அதுக்கப்புறமும் ஏறணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

"பயணிகளோட நேரடியா பேசக்கூடாதுன்னு விதி இருக்கு. கீழே இறங்கினா மறுபடி இந்த மாடி ஏற முடியாது."

அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் தோளில் பை இருந்தது. உள்ளே சாப்பாட்டு டப்பா, குடை, இழுப்பறையில் கிடந்த செருப்பு எல்லாம் காலையிலேயே ஏறியிருந்தன.

அவள் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு, அவர் பக்கமே வைத்தாள்.

"ஏய், லிஃப்ட் வேலை செய்யலடி," என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"பரவால்லக்கா. இறங்கத்தானே போறேன்."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, அவள் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.