உப்பு போடாத சூப்

“அந்த வசனம் என்னோடதுன்னு சண்டை போட வரலை, முசியே. நீங்க பாட்டுக்கு உக்காருங்க.”

“அப்போ நீங்கதான் முதல் ஆள், மேடம். காலையில ஒரு டாக்ஸிக்காரர் வந்தாரு. அவருக்கு முன்னாடி ஒரு கசாப்புக்காரர். ஆளாளுக்குத் தன்னோடதுன்னு சத்தியமே பண்ணாங்க.”

பாரிஸின் பெர்ஸி ஒயின் கிடங்குகளுக்கு எதிரே உள்ள இந்த பாரில் உட்கார்ந்துதான் நான் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறேன். புதுப் படத்தில், கடைசிக் கொள்ளைக்குக் கிளம்புகிறவன் காதலியிடம் சொல்வான்: “சூப்பை அடுப்புலயே வை. நான் வரலைன்னா, வர்றவனுக்கு ஊத்து.” பாரிஸ் முழுக்க இப்போது அதே பேச்சு. நான் சிகரெட் வாங்க எழுந்தால்கூட, பார் முதலாளி கஸ்தோன் என் கோப்பையைக் காட்டி, “வர்றவனுக்கு ஊத்திரவா?” என்கிறான்.

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் சோலாஞ்ச் என்றாள்.

“என் வீட்டுக்காரர் எவாரிஸ்த் சரக்குப் படகுல வேலை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் இதைத்தான் சொல்வார். ரெண்டு வருஷமா ஆளைக் காணோம். செத்துட்டார்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க.”

“இது யாரும் சொல்லக்கூடியதுதானே, மேடம்.”

“உங்க படத்து ஆளு பாதியிலயே நிறுத்திட்டானே. ‘உப்பு மட்டும் போடாதே, அவன் ருசி நமக்குத் தெரியாது.’ எவாரிஸ்த் அதோடதான் கதவைச் சாத்துவார்.”

அந்த வரி என் முதல் பிரதியில் இருந்தது. “கொள்ளைக்காரன் உப்பைப் பத்தியா பேசுவான்?” என்று நடிகர் சிரித்ததால், படப்பிடிப்புக்கு முன்பே நானே அடித்துவிட்டேன். குளிக்கும்போது என் மண்டையில் உதித்தது என்றுதான் இன்று வரை நம்பியிருந்தேன். அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

“அப்போ அவர் சொல்லித்தான் கேட்டிருக்கீங்க. எப்போ? இந்த ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அவர் உயிரோட இருக்கார்.”

போன வசந்தத்தில்தான் எழுதினேன். ஆனால் கேட்டது எப்போது? பார்களில் காதில் விழுவது எனக்குள் எங்கோ கிடக்கும். சில சமயம் பல வருஷம் கழித்து, என் சொந்தச் சரக்குபோல மேலே வரும். கண்ணை மூடினேன். ஈரக் கோட்டு, வெள்ளை ஒயின், கதவருகே ஒரு முதுகு. அந்த முதுகு திரும்பியபோது நடிகரின் முகம் இருந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே முகம். “முகம் வரலை, மேடம்” என்றேன். கேட்டது இந்த பாரிலா, ஆற்றங்கரை பாரிலா, அதுவும் பிடிபடவில்லை.

“கஸ்தோன், இங்க யாராவது சூப்பைப் பத்தி...”

“எல்லாரும்தான், முசியே. படம் வந்ததுல இருந்து வேற என்ன பேசறாங்க?”

சோலாஞ்ச் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“முகம் வேணாம், முசியே. உங்களுக்குக் காதுதானே தொழில். அன்னைக்கு நீங்க கேட்ட ஆளு சொன்ன மாதிரியே, அதே இழுப்போட, உப்பு வரைக்கும் ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”