துண்டுக்கு அடியில்

கடைசிக் கொக்கியை மாட்டுவதற்கு முன் அவள் கையை உள்ளே விட்டு, அம்மாவின் இடது பக்கத்தில் துணிப்பொதி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அம்மா அதை எப்போதும் ஒரு ஊக்கால் ரவிக்கையின் உள்பக்கத்தோடு சேர்த்துக் குத்தி வைப்பாள்.

"ஒரு ஊக்கு குடு சித்தி."

சித்தி தன் தோளில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அக்காவின் உடம்பைத் துடைத்துவிட்டதில் அவளுக்கு முழங்கை வரை ஈரம். "நல்லா இழுத்துக் குத்து. ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லேன்னா உங்கம்மா கண்ணாடியை விட்டு நகர மாட்டா," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நேற்று மதியம் துணி உலர்த்திவிட்டு வந்து, தலை சுற்றுகிறது என்று படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கூப்பிட்டுப் பார்த்தும் பதில் வராதபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. மாலைக் காப்பி வரவில்லையே என்று கூப்பிட்டிருந்தார்.

கதவைத் தட்டிவிட்டு அப்பா எட்டிப் பார்த்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை, அழுது சிவந்த கண்கள். வெளியே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க வந்தவர், மகளின் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னம்மா அது?"

"அம்மாவோடது."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. தெரியாத மாதிரி கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். அவர் கட்டில் அருகே வந்து, குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தபோதுதான், அவருக்கு உண்மையாகவே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இத்தனை வருஷம்.

"அவ இதை எப்பவோ விட்டுட்டாளே," என்றார்.

"விடலப்பா. ஒரு நாளும் விடல."

"எனக்குத் தெரியாம எப்படிம்மா?"

"உங்களுக்குத் தெரியாததுக்கு அவ என்ன பண்ணுவா அத்தான்," என்றாள் சித்தி, ஈரத்துணியைப் பிழிந்தபடி.

அப்பா புத்தகம் எழுதுகிறவர். சமூகத்தில் எது சரியில்லை, குடும்பத்தில் எப்படி நடந்துகொள்வது, மனிதன் தன்னை எப்படி வளர்த்துக்கொள்வது என்று அவர் எழுதியவை முன்னறை அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அதில் அதிகம் விற்றது, 'மறைக்க ஒன்றுமில்லை'. மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்ட மனைவி, அந்த இடத்தை மறைக்கப் பஞ்சு வைத்துத் தைக்கிறாள். கணவன் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, நீ முழுமையானவள் என்கிறான். அவள் அந்தப் பொதியைக் குப்பையில் எறிந்துவிட்டுத் தலை நிமிர்ந்து தெருவில் இறங்குகிறாள். இதைப் படித்து அழாத பெண் இல்லை என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். இதெல்லாம் நடந்ததுதான் என்று முன்னுரையில் அப்பாவே எழுதியிருந்தார்.

நடந்தது வேறு. குப்பையில் எறிந்தது அப்பா. அவர் அறைக்குள் போய் மேஜை விளக்கைப் போட்டதும், அம்மா சமையலறையில் உட்கார்ந்து புதிதாக ஒன்று தைத்தாள். கனத்துக்காக, மகள் சின்ன வயதில் போட்டு அறுந்துபோன பாசிமாலையின் மணிகளைப் பஞ்சுக்குள் வைத்தாள். எழுதி முடித்ததை அப்பா சத்தமாகப் படித்துக் காட்டியபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டார். உங்க இஷ்டம் என்றாள். 'சிரித்த முகத்தோடு சம்மதம் தந்த என் துணைவிக்கு' என்று முதல் பக்கத்தில் அச்சாகி வந்தது.

புத்தகம் வந்த பிறகு காய்கறிக் கடைக்காரர் தராசைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். எதிர்வீட்டு மாமி பேசும்போது கண் கீழே இறங்கி இறங்கி ஏறியது. அம்மா கடைக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் கல்யாணங்களுக்கு. அப்புறம் வாசலுக்கு. அடுத்த புத்தகத்தில் அப்பா, தனிமையை நேசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்.

மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. உடம்பின் நிறத்திலேயே மெத்தென்று ஒன்று கிடைக்கிறது, வரவழைத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னாள். அம்மா பதறிப்போனாள். "வேண்டாண்டி. பெட்டி வீட்டுக்கு வந்தா உங்கப்பா என்னன்னு கேப்பார். அவர் எழுதினது பொய்னு ஆயிடும். பாவம்." அந்தப் 'பாவம்' மகளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

"எடுத்துடும்மா," என்றார் அப்பா இப்போது, மெதுவாக. அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "வர்றவங்க எல்லாம் படிச்சவங்க. அவங்களுக்கு அவளை அப்படித்தான் தெரியும். அவ அவ்வளவு போராடினா. கடைசி நாள்ல அது வீணாப் போயிடக் கூடாது."

"அம்மா போராடல. கூச்சப்பட்டாங்க."

அப்பா கட்டிலில் கிடந்தவளை, முதல் முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ தட்டுப்பட்டதாக மகளுக்குத் தோன்றியது. அவள் கடைசிக் கொக்கியை மாட்டினாள்.

"எனக்கு ஒரு வாக்கு குடுங்கப்பா. இன்னைக்கு யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசாதீங்க. வேற என்ன வேணா பேசுங்க. அம்மா பாட்டுப் பாடுவாங்க. அதைச் சொல்லுங்க."

"பாடுவாளா?" என்றார்.

பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

*

முன்னறையில் கட்டிலைப் போட்டு அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். உறவினர்களைவிட வாசகர்கள் அதிகம். முன்பின் தெரியாதவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றி அவளுக்கே சொன்னார்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன், எத்தனை தையல், எந்த மாதத்தில் முடி உதிர்ந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெரியவர், இந்தக் கண்ணாடிதானா அது என்று அலமாரிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். சித்தி அவரிடம், அது போன வருஷம் வாங்கினது, பழையது உடைஞ்சுபோச்சு என்று சொல்லி நகர்த்திவிட்டாள்.

பதிப்பாளர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பூக்களுக்கு நடுவே அந்தப் புத்தகத்தை நிறுத்தியிருந்தார். அவள் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். காப்பித் தட்டோடு திரும்பி வந்தபோது அது மறுபடியும் ஸ்டூலில் இருந்தது. மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை அதன்மேலேயே காப்பித் தட்டை வைத்தாள். பதிப்பாளர் தன் காப்பியை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். வேலைக்குப் போகிற வழியில் சீருடைச் சட்டையோடு வந்திருந்தாள். சட்டையின் வலது பக்கம் தட்டையாக இருந்தது. அதை அவள் பையாலோ கையாலோ மறைக்கவில்லை. கூட்டம் அவளுக்குத் தானாக வழிவிட்டது. விட்டபடியே பார்த்தது.

அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் புருவம் மெல்லச் சுருங்குவதை மகள் கண்டாள். அந்த அறையில் வேறு யார் கண்ணிலும் படாதது அவள் கண்ணில் பட்டுவிட்டது. படாமல் இருக்குமா? அவளும் ஒருகாலத்தில் இப்படித் தைத்துப் போட்டவள்தானே.

அவள் மகளின் காதருகே குனிந்தாள். இனி என்ன கேட்பாளோ என்று மகள் அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

"எதை வச்சுத் தைச்சாங்க?"

"...பஞ்சு. கனத்துக்குக் கொஞ்சம் பாசிமணி."

அவள் தலையசைத்தாள். "நல்ல யோசனை. நான் கோதுமையைப் போட்டேன். மழைக்காலத்துல முளைச்சிடுச்சு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"உங்கப்பா புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் விட்டேன்," என்றாள் பிறகு. "எனக்கு அது நல்லதாத்தான் இருந்துச்சு. வேலை இடத்துல பேசினாங்க, பேசிட்டுப் போகட்டும்னு இருந்தேன். ஆனா விட்டது நான். என்னை யாரும் விட வைக்கல." அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இவங்களைக் கேக்கவே இல்லையா?"

மகள் அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துவிட்டாள்.

வண்டி வர இன்னும் சற்று நேரம் இருந்தது. ஐயா இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் பதிப்பாளர். அப்பா எழுந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மேடைகளில் நிற்பதுபோலவே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு. பதிப்பாளர் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

முதலில் நன்றாகத்தான் பேசினார். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னார். தன் எழுத்து எதுவும் அவளில்லாமல் இல்லை என்றார். குரல் உடைந்தது. யாரோ விசும்பினார்கள். அந்த விசும்பல் கேட்டதும் அப்பாவின் முதுகு லேசாக நிமிர்ந்ததை மகள் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிர்வு தெரியும்.

"இவ எதையும் மறைச்சதில்லை," என்றார் அப்பா. "ஒரு பக்கம் போனா என்ன, நான் முழுசாத்தான் இருக்கேன்னு இந்தத் தெருவுல நடந்தவ. கடைசி வரைக்கும் அப்படித்தான் வாழ்ந்தா. இதோ, இன்னைக்கும் உங்க முன்னால அப்படியேதான் படுத்திருக்கா."

அறையிலிருந்த அத்தனை கண்களும் அம்மாவின் மார்புக்குப் போயின. காய்கறிக் கடைக்காரர் பார்த்தார். எதிர்வீட்டு மாமி பார்த்தாள். பதிப்பாளரின் போன் பார்த்தது. படித்ததைத்தான் பார்த்தார்கள். புடவைக்கு அடியில் அம்மா எவ்வளவு பாடுபட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்திருந்தாள் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

காலையில் அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார். பொய் என்று மகள் ஒரு வார்த்தை கத்தினால் போதும். கத்தினால், எது உண்மை என்று கேட்பார்கள். அம்மா ஆயுள் முழுக்க யாரும் பார்க்காமல் காப்பாற்றியதை அவளே எடுத்து நடுக்கூடத்தில் வைக்க வேண்டியிருக்கும். அப்பா செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, உங்க இஷ்டம் என்றதாகிவிடும். அம்மாவைப்போல.

அவள் எழுந்தாள். நடந்துபோய்க் கட்டிலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில், அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா பேச்சை நிறுத்தினார். மகள் அழ வந்திருக்கிறாள் என்று சற்றுக் காத்திருந்தார். அவள் அழவில்லை. பதிப்பாளர் கோணம் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார். சீருடைச் சட்டைக்காரி எழுந்து வந்து அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டாள். போனில் இப்போது அவளுடைய தட்டையான சட்டைதான் தெரிந்திருக்கும். அவர் போனைத் தாழ்த்தினார். சித்தி சமையலறையிலிருந்து வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நின்றாள். கட்டில் முழுசாக மறைந்துபோனது.

"கொஞ்சம் நகரும்மா," என்றார் அப்பா.

"இல்லப்பா."

"எல்லாரும் பார்க்கணும்ல."

"பார்த்தது போதும்பா."

அப்பா சுற்றிலும் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்போல. பிறகு கோத்திருந்த கைகளைப் பிரித்தார். பிரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"உட்காருங்க அத்தான்," என்றாள் சித்தி. "வண்டி வர்ற நேரம்."

வண்டி வந்து அம்மாவைத் தூக்கும் வரை மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

*

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. அப்பா தன் அறைக்குள் போய்விட்டார். விளக்குப் போடும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் நின்று கேட்டாள். கேட்கவில்லை.

மிச்சமிருந்தவர்கள் பின்கட்டுக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். காற்று இருந்தது. கொடியில் நேற்று அம்மா போட்ட துணிகள் எடுக்கப்படாமல் அப்படியே ஆடின. ஓர் அம்மாள் முகத்தைக் கழுவிவிட்டு, நீர் சொட்டச் சொட்டக் கொடியின் கோடியில் கிடந்த நீலத் துண்டுக்குக் கை நீட்டினாள்.

"அது வேண்டாங்க," என்றாள் மகள்.

குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. அந்த அம்மாள் திகைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். மகள் தன் முந்தானையை நீட்டினாள். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கமான மனுஷிம்மா உங்கம்மா, என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

பின்கட்டு காலியாகும் வரை மகள் கொடியருகிலேயே நின்றாள். பிறகு துண்டுக்கு அடியில் கையை விட்டாள். அம்மாவிடம் இருந்த பொதிகள் இரண்டு. ஒன்றைத் துவைத்துப் போட்டால் ஒன்றைப் போட்டுக்கொள்வாள். நேற்று துவைத்தது அங்கே தொங்கியது. பஞ்சுக்குள் பாசிமணிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

நேற்று முழுக்க வெயில். இன்றும்தான். அது இன்னும் ஈரமாகவே இருந்தது.

காற்று துண்டின் ஓரத்தைத் தூக்கியது. அவள் அதைக் கீழே இழுத்துவிட்டு, பக்கத்துத் துணியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி, அந்த ஓரத்தில் மாட்டினாள்.