என் பேர் போட்ட முத்திரை

பள்ளிக்கூடத்தில் நான் கத்தியதைப் பற்றி எங்கள் ஊர் காங்ஷான் முழுக்கப் பேச்சு. கத்தினேன்தான். கத்தாமல் என்ன செய்வது, எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவதா? எதற்குக் கத்தினேன், யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லி-யுன். சந்தைக்கு எதிரே காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். முட்டை ரொட்டி, முள்ளங்கிக் கேக், சோயாப் பால். விடியுமுன்னே கல்லைச் சூடேற்றி, பதினொரு மணிக்குத் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பேன். அன்றைக்குக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"ரோங்-ரோங் அம்மாவா? பயப்படாதீங்க. அவ கண்ணுல சானிடைசர் பட்டுடுச்சு, கழுவி விட்டிருக்கேன். ஆனா இது மூணாவது தடவை. டீச்சர் வீட்டுக்குச் சொல்லிடுவாங்கன்னு ரெண்டு தடவை விட்டுட்டேன். இன்னிக்கு மனசு கேக்கல, நானே கூப்பிட்டுட்டேன்."

மூணாவது தடவையா! கல்லை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

என் மகள் ஆறாம் வகுப்பு. சுகாதார அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. யார் அடித்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். நர்ஸ் காவ்தான் சொன்னாள். வகுப்பில் சியாவ்-தாங் என்று ஒருத்தி. அவளும் அவள் கூட்டமும் என் பெண்ணுக்கு 'எண்ணெய்ச் சட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவள் நடந்துபோனால் மூக்கைப் பிடிப்பது, நாற்காலியில் சானிடைசர் அடிப்பது, அப்புறம் சட்டையில், அப்புறம் முகத்தில்.

ரோங்-ரோங் தினமும் கடையில் ஒரு மணி நேரம் எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அந்த எண்ணெய் வாடைதான். என் கல்லின் வாடை.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் கேட்டேன். "ஏண்டி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

முதுகுக்குப் பின்னாலிருந்து, "சொன்னேனே" என்றாள்.

என்றைக்குச் சொன்னாள்? கண் எரிச்சலில் ஏதோ முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வழியில் நிறுத்தி அவளுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு உருண்டை போட்ட ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் குவோ-சுங் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். திருகாணித் தொழிற்சாலையில் இருபது வருஷமாக இருக்கிறார், சாதுவான மனுஷர். அவரோடு சண்டை போட வேண்டும் என்றால்கூட நான் ஒருத்தியே இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வேண்டும்.

"பெரிசாக்காத, லி-யுன். குழந்தைங்கதானே" என்றார்.

"கண்ணு போயிருந்தா? அப்பவும் குழந்தைங்கதானா? நாளைக்கு நான் போய் அந்த டீச்சரை ரெண்டுல ஒண்ணு பாக்கத்தான் போறேன்."

சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, நானும் வரேன். அரை நாள் லீவு போடறேன்" என்றார்.

என்ன சொல்வது! காய்ச்சல் அடித்தால்கூட லீவு போடாத மனுஷர். இவரைப் போய்ச் சில சமயம் உப்புக்குச் சப்பாணி என்று திட்டுகிறோமே என்று நினைத்துக்கொண்டேன். கூடுதலாக ஒரு மீன் துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தேன். இப்போது அந்த மீனை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மறுநாள் கடைக்கு லீவு போட்டு, ரோங்-ரோங்கை நர்ஸ் காவிடம் விட்டுவிட்டுப் போனோம். வகுப்பு ஆசிரியை ஷூ டீச்சரும், மாணவர் பிரிவைப் பார்க்கும் அதிகாரி ஹோங்கும் எங்களை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார்கள். ஹோங் வழவழவென்று ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடமும் வீடும் ஒரே குடும்பம் மாதிரி. கொஞ்சம் கவனிச்சுப் பாப்போம். இந்த வயசுப் பொண்ணுங்க இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கையைக் கோத்துக்குவாங்க..."

"யார் அடிச்சுக்கிட்டாங்க? என் பொண்ணு யாரை அடிச்சா?" என்றேன். என் குரல் இயல்பாகவே பெரிசு. வண்டிச் சத்தத்துக்கு மேலே 'சோயாப் பால் சர்க்கரை போட்டதா போடாததா' என்று கேட்டுப் பழகிய குரல். "மூணு தடவை கண்ணைக் கழுவியிருக்கா. எனக்கு ஒரு போன் போடக்கூட இந்தப் பள்ளிக்கூடத்துல ஆள் இல்லையா? டீச்சர், நீங்க வகுப்புல இருக்கீங்களா, வேற எங்கயாவது இருக்கீங்களா?"

ஷூ டீச்சர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. அவள் முகம் வெளுத்தது. பிறகு வைராக்கியம் வந்தவள் போல மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். ரோங்-ரோங்கின் தொடர்பு நோட்டு.

"ரோங்-ரோங் அம்மா, நீங்க இப்படிப் பேசறது நியாயமே இல்ல. எல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்க பாத்துட்டுத்தானே அனுப்பினீங்க?"

அந்த நோட்டு தினமும் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் போய்வரும். மேலே வீட்டுப்பாடம், நடுவில் பிள்ளை அன்றைய நாளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும், கீழே பெற்றவர்கள் படித்துப் பார்த்து முத்திரை போட வேண்டும். விடியுமுன் எழுந்திருக்கிறவள் நான், எட்டரைக்கே படுத்துவிடுவேன். அதனால் என் பெயர் முத்திரையை குவோ-சுங்கிடம் கொடுத்து, இந்த வேலை உன்னுடையது என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

டீச்சர் பக்கங்களைத் திருப்பினாள். நான் படித்தேன்.

'இன்று சியாவ்-தாங் என் நாற்காலியில் சானிடைசர் அடித்தாள். எண்ணெய் நாற்றம் போக வேண்டுமாம். எல்லோரும் சிரித்தார்கள்.'

கீழே சிவப்பு மையில் என் பெயர்.

'மதியச் சாப்பாட்டுக்கு யாரும் என் மேஜையோடு மேஜையைச் சேர்க்கவில்லை. நான் சுகாதார அறையில் போய்ச் சாப்பிட்டேன்.'

என் பெயர்.

'அம்மா, நாளை கடைக்கு வராமல் நேரே பள்ளிக்கூடம் போகட்டுமா? கோபித்துக்கொள்ளாதே.'

அதற்குக் கீழேயும் என் பெயர். சாய் லி-யுன். ஒரு கோடுகூடக் கலையாமல், பளிச்சென்று.

அதை எழுதிய மறுநாள் காலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பொட்டலம் கட்டாமல் கல்லுக்குப் பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எண்ணெய் தெறிக்கும், குறுக்க நிக்காத" என்றேன்.

இரண்டு மாதத்தில் இப்படிப் பதினொன்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒரே வரி. டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.

"இது என் முத்திரைதான். ஆனா நான் போடல" என்றேன். சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன்.

குவோ-சுங் வெந்நீர்க் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது.

"நீ படிச்சியா?"

கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார், வீட்டில் கூப்பிடும் பெயரால் கூப்பிட்டேன்.

"ஆ-சுங், உன்னைத்தான் கேக்கறேன். படிச்சுட்டுப் போட்டியா, படிக்காம போட்டியா?"

படிக்காமல் போட்டேன் என்று சொல்லிவிடு, சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதற்குள் டீச்சர் தன் செல்போனை நீட்டினாள். அவளுக்குத் தன் தலை தப்ப வேண்டும்.

"நான் கேட்டேன். மூணாவது தடவை எழுதினப்பவே கேட்டேன். இதான் வந்த பதில்."

'ஷூ டீச்சர், வீட்டில் நாங்கள் இருவரும் பார்த்தோம். குழந்தைகள் விளையாட்டு. என் மனைவியின் எண்ணமும் இதுவே. தயவுசெய்து மேலே கொண்டுபோக வேண்டாம். பொறுத்துப் போகும்படி மகளிடம் சொல்லியிருக்கிறோம்.'

என் மனைவியின் எண்ணமும் இதுவே! எட்டரை மணிக்குக் கால் வீங்கித் தூங்கிக்கொண்டிருந்த என் எண்ணத்தை, அடுத்த அறையில் உட்கார்ந்து இந்த மனுஷன் எழுதியிருக்கிறான். அப்போதுதான் கத்தினேன். முதலில் டீச்சரைப் பார்த்து. "பெத்தவங்க வேண்டாம்னா நீங்க விட்டுடுவீங்களா? உங்க வேலைக்கு என் புருஷன் அனுமதி குடுக்கணுமா?" பிறகு ஹோங்கைப் பார்த்து. பிறகு என் புருஷனைப் பார்த்து. அது என்னவென்று எழுத முடியாது. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்து நிறுத்தினேன். "ஏன்?" என்றேன்.

"சியாவ்-தாங் யார் பொண்ணு தெரியுமா?" என்றார். குரலே எழும்பவில்லை. "எங்க லூ முதலாளி பொண்ணு. புது ஷெட்டுக்கு என்னைத்தான் தலைமையா போடறதா இருக்காரு. இருபது வருஷம் லி-யுன், இப்பதான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. ஆறாம் வகுப்பு முடிய மூணே மாசம். அப்புறம் அவங்க தனியார் பள்ளிக்குப் போயிடுவாங்க. மூணு மாசம் பல்லைக் கடிச்சா போதும்னு..."

"யார் பல்லை?"

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்டியே, பாவி. நேத்து லீவு போட்டு வரேன்னது இதுக்குத்தானா? நான் வாயைத் திறந்தா மூடறதுக்கா?"

"உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே."

"மாட்டேன்தான்! அவ அதுக்காகத்தானே எனக்கு எழுதினா!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அவகிட்ட மட்டும் நான்னு சொல்லாத. என்ன வேணா செய், புகார் குடு, நான் குறுக்க வரல. அப்பான்னா அவளுக்கு உசுரு. அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ரெண்டு மாசமா அவ என் மூஞ்சியில எப்படி முழிச்சா?"

கையை உதறினேன். அவர் அங்கேயே நின்றார், நான் சுகாதார அறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் யோசித்தேன். மறைத்தால், அம்மா படித்துவிட்டுக் கல்லாக இருந்தாள் என்று பிள்ளை கடைசிவரை நினைப்பாள். சொன்னால், அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவார். மென்று விழுங்கியிருந்தால் நல்ல மனைவி என்று பேர் வாங்கியிருக்கலாம். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். எனக்கு என் பெண் வேண்டும்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் காவ் பக்கத்தில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போகப் பார்த்தாள், ரோங்-ரோங் அவள் சட்டை நுனியைப் பிடித்தாள். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"நோட்டைப் பாத்தேன், இப்பதான்" என்றேன். "முத்திரை போட்டது நான் இல்லடி. அப்பா. உங்கப்பா போட்டிருக்காரு."

பென்சில் நின்றது. "உன் பேருதானே இருந்துச்சு?"

"என் முத்திரையை அவர்கிட்ட குடுத்திருந்தேன். நான் பாக்கவே இல்ல. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அழுவாள், வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கையைக்கூட விரித்துவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"பாக்கவே இல்லையா?"

"இல்லடி கண்ணு."

"ஒரு நாள்கூடவா? என் நோட்டை ஒரு நாள்கூட நீ திறந்து பாக்கலையா?"

என் பக்கம் நியாயம் சொல்லத்தான் அந்த அறைக்குள் போனேன். விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஹோங் ஒரு படிவத்தோடு வந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டதாம். இப்போது எல்லாம் முறைப்படி நடக்க வேண்டுமாம். நேற்றுவரை இந்த முறை எங்கே போயிருந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அவர் குனிந்து ரோங்-ரோங்கிடம் கேட்டார்.

"நடந்ததை நீ ஒவ்வொண்ணா சொல்லணும்மா. பயமா இருந்தா பெரியவங்க ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கலாம். யார் வேணும், அம்மாவா, அப்பாவா?"

குவோ-சுங் வாசலில் வந்து நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பிறகு அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.

"காவ் ஆன்ட்டி" என்றாள்.

ஹோங் சங்கடமாகச் சிரித்தார். "வீட்டு ஆளு யாராவது..."

"காவ் ஆன்ட்டிதான் வேணும். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

நர்ஸ் காவ் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்தாள். பாவம், அவள் என்ன தப்புச் செய்தாள்? போங்க என்று தலையை ஆட்டினேன். மூன்று பேரும் பக்கத்து அறைக்கு நடந்தார்கள். கதவருகில் ரோங்-ரோங் நின்று திரும்பினாள்.

"நீ வெளிய இரு" என்றாள் என்னிடம். "கடைக்குப் போயிடாத."

"போமாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே என் பெண் பேசிக்கொண்டே இருப்பது கேட்டது. என்ன பேசுகிறாள் என்றுதான் கேட்கவில்லை.