கோபித்துக்கொண்டு கிளம்பிய நாள்

ஜனவரி மாதத்தில், வடகோடிப் பனி ஊரான கெமியில் ஒரு பெண் கணவனிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவது அவ்வளவு சுலபமில்லை. அந்த வீடு ஒரு சின்ன கேரவனாக இருந்துவிட்டால், கணவனின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடக்கவே நடக்காது.

முதலில் கம்பளி உள்ளாடை. அதன்மேல் இன்னொன்று. பிறகு ஸ்வெட்டர், பஞ்சு வைத்த கால்சட்டை, மேல்கோட்டு. இவற்றை ஒருவர் உடுத்த வேண்டுமென்றால் மற்றவர் கட்டில்மேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்து இடம் விட வேண்டும். பூட்ஸ் மாட்டும்போது விழாமல் பிடித்துக்கொள்ள எங்கள் கேரவனில் இருப்பவை அடுப்பின் விளிம்பும் என் கணவன் தைஸ்தோவின் தோளும்தான். அடுப்பு சூடாக இருந்தது. ஆகவே, இனி இவனோடு ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இடது பூட்ஸை மாட்டினேன்.

"அந்த சாக்ஸ் பத்தாது, ஹில்கா. வெளிய மைனஸ் முப்பதுக்குக் கீழ போயிருக்கு. தடிசா இருக்கறதப் போடு," என்றான்.

சொன்னது சரிதான். பூட்ஸைக் கழற்றி சாக்ஸை மாற்றினேன். கோபம் கொஞ்சம் ஆறிப்போனது. அதற்காகவும் சேர்த்து அவன்மேல் கோபப்பட்டேன்.

தைஸ்தோ சரக்குக் கப்பல் என்ஜினியர். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் ஒன்றாக இருந்த நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் இன்னும் புதுமணத் தம்பதிதான். மாதக்கணக்கில் கடலில் இருப்பான். சில வாரம் வீட்டுக்கு வருவான், மகளுக்குப் பொம்மையும் எனக்கு அளவு தப்பிய செருப்பும் கொண்டுவருவான். ஒருவருக்கொருவர் பழகுவதற்குள் மறுபடி பெட்டி கட்டிவிடுவான். என் கணவனைப் போல் நல்லவன் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் பொய்யில்லை. தூரத்தில் இருக்கும்போது அவனைவிட நல்ல கணவன் கெமியில் யாருக்கும் கிடையாது.

போன இலையுதிர்காலத்தில் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தான். வந்த கையோடு, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பழைய குழாய்களையெல்லாம் பிடுங்கி மாற்றப்போவதாக அறிவிப்பும் வந்தது. ஏப்ரல் வரை ஒருவரும் உள்ளே குடியிருக்க முடியாது. ஓலு நகரில் இருக்கும் என் தங்கை ரைலி தன் வீட்டு மாடியைத் தருவதாகச் சொன்னாள். தைஸ்தோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே போனவன், யாரோ விற்ற பழைய கேரவன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். கடலைவிட்டுப் பிரிய முடியாமல் சின்னதாக ஒரு கப்பல் வாங்கியிருக்கிறான் என்று ரைலி சிரித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உறைந்துபோன கடலோரத்தில், கேரவன்கள் தங்கும் முகாமில், மின்சார இணைப்பும் சானா என்கிற பொது நீராவிக் குளியலறையும் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் குடித்தனத்தைத் தொடங்கினோம். மற்ற கணவன்மார் கண் விழித்ததும் காபி கேட்பார்கள். என்னவன் பேட்டரி எவ்வளவு, கேஸ் எவ்வளவு, வெளியே எத்தனை டிகிரி என்று அறிக்கை வாசிப்பான். அதுவும் என் ரேடியோ சத்தத்தையும் மீறி. வாழ்நாள் முழுக்க என்ஜின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல் அது. அதில் ரகசியம் என்று எதுவும் தங்காது. ஓர் இரவு போர்வைக்குள், உன் கால் ரெண்டும் ஐஸா இருக்கு என்று கொஞ்சலாகத்தான் சொன்னான். மறுநாள் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் கால் இப்போது பரவாயில்லையா என்று விசாரித்தார்.

இதற்கிடையில் ரைலியின் பக்கத்து வீடு காலியானது. ஓர் அறை, சின்ன சமையலறை, வெயில் விழும் பால்கனி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் எனக்குத்தான் என்று வீட்டுக்காரம்மா ரைலியிடம் சொல்லியிருந்தாள். எனக்கு மட்டும். குழாய் வேலை முடிந்ததும் தைஸ்தோ கெமி வீட்டில் இருக்கட்டும், நான் ஓலுவில் இருந்துகொள்கிறேன், முன்போலவே எப்போதாவது சில வாரம் பார்த்துக்கொள்ளலாம். அப்படி இருந்தால் கடைசிவரை நல்ல தம்பதி என்ற பெயரோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது. இதை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோபம் வரட்டும், அதோடு தைரியமும் வரும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை கோபம் வந்தது.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. குழாய்த் தொல்லைக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் குழாய் உறைந்துபோயிருந்தது. தைஸ்தோ இருக்கைப் பலகைகளைக் கழற்றித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பான காற்று போவதற்காக விட்டிருந்த இடைவெளி முழுக்க என் கம்பளி நூல்கண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. அந்த வண்டியில் வேறு எங்கே வைப்பதாம்? அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. காபிப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்தான். குழாய், காற்று போகும் திசைக்கு அம்புக்குறிகள், நடுவில் கறுப்பாக ஓர் உருண்டை. உருண்டைக்குக் கீழே 'தடை' என்று எழுதி அடிக்கோடு போட்டு, அதை எனக்கு விளக்கினான். என் முகத்தைப் பார்த்தால் புரிந்த மாதிரி இல்லை என்று மறுபடியும் விளக்கினான்.

நான் பெட்டியை எடுத்து, ஓலுவுக்குப் போகிறேன் என்றேன். அப்புறம் நடந்ததுதான் அந்த சாக்ஸும் பூட்ஸும்.

நான் தயாரானதும் அவன் உடுத்த ஆரம்பித்தான். இப்போது நான் கட்டிலில் ஏறி, கோட்டும் பூட்ஸுமாகக் காலை மடக்கி உட்கார்ந்தேன். நீ எதற்கு என்று கேட்டதற்கு, பெட்டி கனமாக இருக்குமே என்றான். கோபித்துக்கொண்டு போகும் பெண்ணைப் பெட்டி தூக்கிக்கொண்டு வழியனுப்பும் கணவனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வெளியே வந்து பெட்டியை உதைசறுக்கு வண்டியின் இருக்கையில் வைத்துக் கட்டினான். ஒரு கால் மரச்சட்டத்தில், ஒரு கால் பனியில் என்று உந்திக்கொண்டே என் பக்கத்தில் வந்தான். பஸ் நிறுத்தம் வரை அப்படியே போனோம். பேச வாயைத் திறந்தால் பல் கூசுகிற குளிர்.

நிறுத்தத்தில் எப்போது திரும்புவேன் என்று கேட்டான்.

"ரைலி பக்கத்து வீடு காலியா இருக்கு. எடுத்துக்கலாம்னு இருக்கேன்," என்றேன். "எனக்கு மட்டும்."

அவன் புருவமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. சறுக்கு வண்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நூலுக்காகவா?"

"நூலுக்காக யாராவது ஊர விட்டுப் போவாங்களா?"

"அந்தப் படம் கொஞ்சம் ஓவர்தான்."

"படமும் இல்ல, தைஸ்தோ. உனக்கு ஒரு கப்பல் வேணும், அதுல வேலைக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளு நான் இல்ல."

"கப்பலா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "கப்பல் போதும்னுதான இறங்கி வந்தேன்."

"அப்ப இந்த டப்பாவ எதுக்கு வாங்கின? ரைலி மாடி கதகதன்னு இருந்துச்சே."

அவன் பெட்டியைக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"நம்ம வீட்டுல கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது டிராயரில் என்று சொன்னேன்.

"உனக்குத் தெரியும். அங்க எல்லாமே உனக்குத்தான் தெரியும். நான் லீவுல வந்தா நீல பார்டர் போட்ட நல்ல துண்ட எடுத்துத் தருவ, விருந்தாளிக்குத் தர்ற மாதிரி. ஒரேயடியா வந்தப்பவும் அதே துண்டுதான். ரைலி வீட்டுக்குப் போயிருந்தா அங்கயும் நான் விருந்தாளிதான். இந்த வண்டியில உனக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் புதுசு. அதான் வாங்கினேன்."

டிகிரி, பேட்டரி எதுவும் கலக்காமல் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதுவும் பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்த நீலத் துண்டு விருந்தாளிகளுக்கென்று நான் எடுத்து வைத்திருந்ததுதான். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் அதை நாலாக மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் போட்டு வைப்பான். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டில் எத்தனை அலமாரி இருக்கிறது, ஒன்றையாவது திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். திறந்து பார் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

தைஸ்தோ என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. பெட்டியைக் கட்டவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, இடது பக்கம் உட்கார், அங்கேதான் ஹீட்டர் என்றான். வேறொருவன் என்றால் அதைக் கல்நெஞ்சு என்று சொல்லியிருப்பேன்.

"ஏறுறீங்களா, இல்லையா? கதவு தெறந்திருந்தா உள்ள இருக்கறவங்க விறைச்சுப் போயிடுவாங்க," என்றார் ஓட்டுநர்.

நான் பெட்டியைப் படியிலிருந்து இழுத்துக் கீழே வைத்தேன். மன்னிக்கவும், இன்று இல்லை என்றேன். அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். இந்தக் குளிரில் வழியனுப்ப வருகிறவர்கள் வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டு வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

"பஸ் போயிடுச்சு," என்றான் தைஸ்தோ.

"பாத்தேன்."

ஒரு கையுறையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு ரைலியைப் போனில் கூப்பிட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு, வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்றேன். அவள் நம்பவில்லை.

"அவன்கூடவேவா? அந்தப் பொட்டிக்குள்ள, ஏப்ரல் வரைக்குமா?"

"அதுக்கப்புறமும்தான். வீட்டுக்குத் திரும்பினதும் சமையலறையில இருக்கறத எல்லாம் வெளிய எடுத்து வெச்சு, ரெண்டு பேருமா புதுசா அடுக்கப்போறோம்."

தைஸ்தோ என் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் விழாத மாதிரி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரைலியின் குரலும் லேசுப்பட்டதில்லை.

"அவன் அடுக்கினா அப்புறம் உனக்கு ஒரு கரண்டிகூடக் கெடைக்காதுடி."

"கேட்டுக்கறேன். பக்கத்துலதான இருப்பான்."